உங்கள் பெயர் யார் பொறுப்பில்?

லண்டனில் உள்ள கிரீனிச் பல்கலைக்கழகத்தில் 2004-ஆம் ஆண்டு ஒரு பயிற்சி மாநாடு நடந்தது. கணினி, கணிதத் துறையில் பணியாற்றிய ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் சேர்ந்து அதற்காகச் சின்னதாக ஓர் இணையதளம் செய்தார்கள். மாநாடு முடிந்தது. வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள், பதாகைகளை இறக்கினார்கள். இணையதளத்தை மட்டும் யாரும் மூடவில்லை.

ஒன்பது ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 2013-இல் முதல் தடவையாக யாரோ அதற்குள் புகுந்தார்கள். 2016-இல் பலர் புகுந்தார்கள். அந்தச் சின்னத் தளத்தின் ஓட்டை வழியாகவே பல்கலைக்கழக சர்வரின் மற்ற அறைகளுக்கும் போனார்கள். மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், ஊழியர்கள் என்று 19,500 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வெளியே போயின. அவர்களில் சுமார் 3,500 பேருடைய விவரங்கள் இன்னும் அந்தரங்கமானவை. யாருக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது, எந்த ஊழியர் என்ன நோய்க்காக விடுப்பு எடுத்தார், தேர்வு எழுத முடியாததற்கு மாணவர் சொன்ன சொந்தக் காரணம் என்ன என்பதெல்லாம் அதில் இருந்தன. பிறகு அவை இணையத்திலேயே பதிவேற்றப்பட்டன.

2018 மே மாதம் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கிரீனிச் பல்கலைக்கழகத்துக்கு 1,20,000 பவுண்ட் அபராதம் விதித்தது. அந்த நாட்டின் 1998-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு பல்கலைக்கழகம் அபராதத்துக்கு ஆளானது அதுவே முதல் முறை. அப்படி ஒரு தளம் இருந்ததே பல்கலைக்கழக நிர்வாகத்துக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையதுதான் என்று சொல்லிவிட்டது.

இந்த வழக்கில் கெட்டிக்கார எதிரி என்று யாரும் இல்லை. பெரிய சதியும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு நாள், யாராவது ஒருவர், "இது யாருடையது?" என்று கேட்டிருந்தால் அந்தத் தளம் அன்றைக்கே மூடப்பட்டிருக்கும். கேட்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை.

பல்கலைக்கழகங்களில் தரவு ஆளுகை என்று சொல்வது அந்தக் கேள்வியைத்தான். கேட்டாலே தூக்கம் வருகிற சொல்தான் அது. குழுக் கூட்டங்களில் பத்தாவது பொருளாக வைத்து, தேநீருக்கு முன்னால் நிறைவேற்றிவிடுகிற சொல். ஆனால் அதன் உள்ளே இருப்பது ஒரு பெண்ணின் பெயர், ஒரு பையனின் சாதிச் சான்றிதழ், ஒரு தகப்பனின் வருமானம், ஒரு தாயின் கைபேசி எண். அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல்

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் சேரும் மாணவி முதல் மாதத்துக்குள் என்னென்ன கொடுக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரவேண்டுமென்றால் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததற்கான விவரமும் வேண்டும். விடுதியில் இடம் வேண்டுமென்றால் ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, பார்க்க வரும் உறவினர்களின் படம். கல்விக் கடன் என்றால் அப்பாவின் சம்பளச் சீட்டு.

ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத செய்திகள் இவை. இவற்றை அவள் யாரை நம்பிக் கொடுக்கிறாள்? கல்லூரி என்ற பெயரை நம்பி. வாங்குகிறவர் பெரும்பாலும் வகுப்பு ஆசிரியர். அவருக்கு நாளைக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும் என்று துறைத் தலைவரிடமிருந்து செய்தி வந்திருக்கும். ஓர் எக்ஸல் கோப்பில் அறுபது பேரின் ஆதார் எண், கணக்கு எண், சாதி, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் சேர்த்து, "எல்லாரும் சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அறுபது கைபேசிகளில் அது இறங்குகிறது. அதில் யார் எந்தச் சாதி, யாருடைய அப்பாவுக்கு எவ்வளவு வருமானம் என்பது வகுப்பு முழுவதுக்கும் தெரிந்துபோகிறது. முதல் பருவம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் தன் சாதி வகுப்புக்குத் தெரிந்துவிட்ட மாணவிக்கு அடுத்த மூன்று ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆசிரியரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வேலை முடியவேண்டும் என்று பார்த்தார். அந்தப் பட்டியலை எந்த வழியில் அனுப்பலாம், எந்த வழியில் அனுப்பக்கூடாது, வேலை முடிந்ததும் தன் மடிக்கணினியிலிருந்து எப்போது அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவர் யார் என்றும் எழுதிவைக்கப்படவில்லை. கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்: "அதெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் பார்த்துக்கொள்ளும்."

நம் பல்கலைக்கழகங்களின் நோய் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கோயில் நகையும் கல்லூரித் தரவும்

நமக்குப் பழக்கமான ஓர் ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். கோயில் நகை. அது அம்மனுடையது. அறங்காவலர்களுக்கு அது சொந்தமில்லை, அம்மன் சார்பில் அதைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு மட்டும் அவர்களுடையது. பதிவேட்டில் எடையையும் கல்லையும் எழுதி, ஆண்டுதோறும் சரிபார்ப்புக்குக் காட்டுகிறவர் செயல் அலுவலர். இரவில் காவல் இருப்பவர் மெய்க்காவலர். அதை எடுத்து அம்மனுக்குச் சாத்துகிறவர் அர்ச்சகர். நால்வருக்கும் நகையோடு உறவு உண்டு, நால்வரின் வேலையும் வேறு. ஒரு பதக்கத்தில் கல் விழுந்திருந்தால் மெய்க்காவலரைப் பிடித்து உலுக்கிப் பயனில்லை. பெட்டியின் பூட்டு உடைந்திருந்தால் அர்ச்சகரைக் கேட்டுப் பயனில்லை.

பல்கலைக்கழகத் தரவுக்கும் இந்த நான்கு வேலைகள் உண்டு. தரவு மாணவருடையது. அதைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். மதிப்பெண் என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், சேர்க்கை விவரம் என்றால் பதிவாளர், சம்பளம் என்றால் நிதி அலுவலர், விடுதி என்றால் தலைமைக் காப்பாளர். யார் பார்க்கலாம், யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டியவர் இவர். அவருக்குக் கீழே, அன்றாடம் அந்தத் தரவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பராமரிப்பாளர். பெரும்பாலும் ஒரு பிரிவுக் கண்காணிப்பாளர்தான் இந்த வேலையைச் செய்கிறார், பெயர் மட்டும் வைக்கப்படவில்லை. மூன்றாவதாகக் காப்பாளர். சர்வர், பூட்டு, நகல், யார் எப்போது நுழைந்தார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றைப் பார்ப்பவர். கணினி மையம் இந்த மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. நான்காவதாக, அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்களும் அலுவலர்களும். தம் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் பார்க்கக்கூடாது என்பது அவர்களுடைய கடமை.

நாம் செய்திருப்பது என்னவென்றால், நான்கையும் சுருட்டி மெய்க்காவலர் தலையில் வைத்திருக்கிறோம். கணினி மையத்தில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் ஓர் இளைஞரிடம் போய், "இந்த மாணவியின் பிறந்த தேதி தவறு, மாற்றுங்கள்" என்கிறோம். அவரால் இரண்டு நொடியில் மாற்றிவிட முடியும். மாற்ற அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முடியும் என்பதற்கும் செய்யலாம் என்பதற்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியில்தான் எல்லா முறைகேடும் நுழைகிறது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாற்றப்பட்டதாக 2018-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தபோது தமிழகமே அதிர்ந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் ஓர் அமைப்பில், மதிப்பெண்ணை முடிவு செய்பவர், பதிவு செய்பவர், பதிவைச் சரிபார்ப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போதாவது நாம் பேசியிருக்க வேண்டும். குற்றம் யார் செய்தார்கள் என்று பேசினோம். பதிவேடு எப்படி அமைந்திருந்தது என்று பேசவில்லை.

'எஸ்' என்றும் 'சி' என்றும் ஓர் எழுத்து

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் தங்கை மகள் முதுகலை முடித்துவிட்டு வெளிநாட்டில் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அவள் அப்பா பெயர் சந்திரன். தமிழில் முன்னெழுத்து 'ச' என்பதில் குழப்பமில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வம்பு. பள்ளியில் 'சி' என்று போட்டிருந்தார்கள், ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் அதுவே. பல்கலைக்கழகப் பட்டத்தில் 'எஸ்' என்று வந்துவிட்டது. யாரோ தமிழ் விண்ணப்பத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். 'ச'வை 'எஸ்' என்று படித்தது அவர் தவறென்றும் சொல்ல முடியாது. பாதித் தமிழ்நாடு அப்படித்தான் எழுதுகிறது.

பல்கலைக்கழகத்துக்கு முதல் தடவை போனபோது, கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். கல்லூரியில், நாங்கள் சரியாகத்தான் அனுப்பினோம், தேர்வுப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். தேர்வுப் பிரிவில், எங்களுக்குக் கம்ப்யூட்டரில் வந்ததைத்தான் அச்சிட்டோம் என்றார்கள். கணினி மையத்தில் இருந்த பையன் மரியாதையாகவே பேசினான்: "அக்கா, எனக்கு எழுத்துமூலம் உத்தரவு வந்தால் மாற்றிவிடுவேன். யார் எழுதித் தரவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை." மூன்று பேருந்துகள் மாறித்தான் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நான்கு தடவை போய் வந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு பிரிவுக் கண்காணிப்பாளர், நடுத்தர வயது அம்மா, இவள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். உள்ளே போய் அலமாரியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்தார். அதில் பள்ளிச் சான்றிதழின் நகல் ஒட்டியிருந்தது. 'சி' என்று தெளிவாக இருந்தது. அதைக் காட்டிக் குறிப்பு எழுதி, கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறைக்குப் போனார். ஒரு வாரத்தில் திருத்திய பட்டம் வந்தது.

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அந்த அம்மாவின் மேல் மரியாதை வந்த அளவுக்கு வருத்தமும் வந்தது. அவர் செய்தது அவருடைய வேலை என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. அன்று அவர் விடுப்பில் இருந்திருந்தால்?

முன்னெழுத்து என்பது தமிழர்களுக்கு நன்றாகப் பழக்கமான சிக்கல். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு, 'முதற்பெயர், கடைசிப்பெயர்' என்று இரண்டு கட்டங்கள் போட்ட ஒவ்வொரு படிவமும் ஒரு தடுமாற்றம். கல்விக் கணக்குகளுக்காக இப்போது மாணவர்களுக்கு வழங்கப்படும் அபார் எண்ணிலும் ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பதால் முன்னெழுத்து முன்னால் இருந்தால் ஒரு தொல்லை, பின்னால் இருந்தால் ஒரு தொல்லை, விரித்து எழுதினால் இன்னொரு தொல்லை. இதற்கு மென்பொருளில் தீர்வு இல்லை. "பெயர் எந்த வடிவில் பதியப்படும், எந்த ஆவணம் மூலம், திருத்தம் வேண்டுமென்றால் யார் எத்தனை நாளில் முடிவு சொல்லவேண்டும்" என்று ஒரு பல்கலைக்கழகம் ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். அந்தப் பக்கம் பல இடங்களில் இல்லை.

பதிவேடு ஒரு மனிதரை நம்பி இருப்பது நமக்குப் புதிதல்ல. இதே தமிழ்நாட்டில் 1980 நவம்பர் வரை கிராமக் கணக்கு, கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் வீட்டில் இருந்தது. நிலம் யாருடையது என்பதற்கான ஆதாரம் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அந்தப் பதவிகளை ஒழித்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தபோது, பதிவேடு ஒரு மனிதரின் வீட்டை விட்டு ஓர் அலுவலகத்துக்கு வந்தது. பல்கலைக்கழகங்களில் அந்த மாற்றம் இன்னும் பாதியில் நிற்கிறது. "அந்த ஃபைல் அவர் சிஸ்டத்தில் இருக்கும், அவர் வரட்டும்" என்பது இன்றைக்கும் அன்றாடம் கேட்கும் வாக்கியம்.

சரிபார்ப்பவரை நீக்கினால்

தவறான தரவு கவனக்குறைவால் மட்டும் பிறப்பதில்லை. சில நேரம் வேண்டுமென்றே பிறக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி அதற்குச் சாட்சி. அதன் இணையவழி எம்.பி.ஏ. படிப்பு 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஒரு பெரிய பத்திரிகையின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. மாணவர்கள் குவிந்தார்கள், பணம் குவிந்தது.

பள்ளி அனுப்பிய விவரத்தில், சேர்ந்த 255 பேரும் ஜிமேட் தேர்வு மதிப்பெண் கொடுத்ததாக இருந்தது. உண்மையில் கொடுத்தவர்கள் 50 பேர். விசாரணை நடத்திய சட்ட நிறுவனம் தன் அறிக்கையில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. தரவரிசைக்கு அனுப்பும் எண்களைச் சரிபார்க்க அந்தப் பள்ளியில் நெடுங்காலமாக ஒரு குழு இருந்திருக்கிறது. டீனாக இருந்த மோஷே போரட் அதைக் கலைத்துவிட்டார். அதற்குப் பின் எண்களைத் தொகுத்தவர்களைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. 2021 நவம்பரில் நீதிமன்றம் போரட்டைக் குற்றவாளி என்றது. 2022 மார்ச்சில் 14 மாதச் சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் விதித்தது. ஒரு பேராசிரியரும் ஓர் அலுவலக ஊழியரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஊழியரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். மேலிடம் சொன்னதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் நம் கல்லூரிகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாக் மதிப்பீட்டுக்கு, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு, அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு என்று ஆண்டு முழுவதும் எண்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. மூன்றுக்கும் வேறு வேறு ஆசிரியர்கள் வேறு வேறு கோப்புகளிலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள். ஒரே கல்லூரியின் ஆசிரியர் எண்ணிக்கை மூன்று இடங்களில் மூன்றாக இருந்தால், எது சரி என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்தக் கல்லூரியில் இருக்கிறாரா?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் எழுப்பிய புகார் இங்கேதான் வந்து சேர்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளில் 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றது அந்தப் புகார். பல்கலைக்கழகம் தானே ஆராய்ந்தபோது, 189 பேரின் பெயரில் சுமார் 2,000 ஆசிரியர் இடங்கள் காட்டப்பட்டிருப்பதாக அப்போதைய துணைவேந்தர் தெரிவித்தார். இதைக் கண்டுபிடிக்க ரகசியக் கேமராவோ உளவாளியோ தேவைப்படவில்லை. கல்லூரிகளே கொடுத்திருந்த பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமாக இருந்தது. பட்டியல்கள் வந்தன, அங்கீகாரம் கொடுக்கப்பட்டது, ஒப்பிடுவது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அந்த ஆசிரியர்கள் இருப்பதாக நம்பிக் கட்டணம் கட்டிய குடும்பங்களை நினைத்தால் கோபம் வருகிறது.

வெளியிலிருந்து ஒருவர் கேட்டபிறகுதான் உண்மை வரும் என்ற நிலை பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளநிலை வகுப்புகளில் 82.5 சதவீதம் இருபது மாணவருக்குக் குறைவானவை என்று தரவரிசைக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் 2022 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் வகுப்புப் பட்டியல்களைக் கொண்டே கணக்கிட்டு, அது பொருந்தாது என்று காட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட எண் 57 சதவீதத்தை ஒட்டியது. இரண்டாம் இடத்திலிருந்த கொலம்பியா 18-ஆம் இடத்துக்கு வந்தது. தாடியஸுக்கு யாரும் அந்தப் பொறுப்பைத் தரவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

வானியலாளர் எழுதிய அறிக்கை

தவறு நடந்தபின் எப்படி நடந்துகொள்வது என்பதற்குக் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தை நான் மெச்சுகிறேன். 2018 நவம்பரில் அங்கே ஒரு மூத்த ஊழியருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பைத் திறக்கவில்லை, முன்காட்சியில் பார்த்ததே போதுமானதாக இருந்தது. உள்ளே வந்தவர்கள், விரைவில் அகற்றப்பட இருந்த ஒரு பழைய சர்வரைப் பிடித்துக்கொண்டு, மனிதவளம், நிதி, மாணவர் நிர்வாகம் ஆகிய மூன்றின் தரவும் இருந்த பகுதிக்குப் போனார்கள். கிரீனிச்சில் மறந்துபோன இணையதளம், கான்பராவில் காலாவதியான சர்வர். 2019 மே மாதத்தில் விஷயம் தெரிந்தது, ஜூன் 4 அன்று பல்கலைக்கழகம் எல்லாருக்கும் அறிவித்தது. அக்டோபரில் என்ன நடந்தது என்று படிப்படியாக விவரிக்கும் அறிக்கையை வெளியிட்டது. மற்ற நிறுவனங்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று தன் பலவீனங்களையும் அதில் எழுதியது. அப்போதைய துணைவேந்தர் பிரையன் ஷ்மிட் 2011-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற வானியலாளர். அந்த அறிக்கையைத் தன் பெயரிலேயே முன்வைத்தார்.

அந்தச் செய்தியில் என் மனதில் தைத்தது ஓர் எண். அந்தத் தரவுத்தளத்தில் 19 ஆண்டுகளின் விவரம் இருந்தது. தொடக்கத்தில் சுமார் 2,00,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அஞ்சினார்கள். எடுத்துச் செல்லப்பட்ட அளவு அதைவிட மிகக் குறைவு என்று பின்னால் தெரிந்தாலும், யாருடையது போனது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தரவுத்தளத்தில் இருந்தவை வங்கிக் கணக்கு, வரி எண், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உறவினரின் எண் போன்றவை. படித்து முடித்துப் பதினைந்து ஆண்டுகளான ஒருவரின் வங்கிக் கணக்கு எண் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு? மதிப்பெண் எப்போதும் இருக்கவேண்டும். ஐம்பது வயதில்கூட ஒருவர் தன் பட்டத்தைச் சரிபார்க்கக் கேட்பார். விடுதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வாங்கிய கணக்கு எண் அப்படி அல்ல. எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று முடிவெடுக்க ஒரு பொறுப்பாளர் இல்லாத இடத்தில் எதுவுமே அழிவதில்லை. அழிக்கக் கணினி மையத்துக்குத் துணிச்சல் வராது. வரவும் கூடாது, அது அவர்களுடைய முடிவு அல்ல.

சட்டம் கேட்கும் பெயர்

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதங்களில், அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வரவேண்டும் என்பது அந்த அறிவிப்பு. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். நம் கல்லூரிகளில் முதலாண்டு சேர்பவர்களில் பலருக்கு அப்போது பதினேழுதான். தேவை முடிந்ததும் அழிக்கும் கடமையில் அரசு அமைப்புகளுக்குச் சில விலக்குகள் உண்டு, தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அவை இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தும் விவரம் சரியானதாகவும் முழுமையானதாகவும் இருக்கவேண்டும் என்ற கடமையும், திருத்தம் கேட்கும் உரிமையும் மாணவருக்கு மிகவும் தேவையானவை.

ஊடுருவல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினி அவசரகால மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்குக் கணினி மையத்தில் இருப்பவர் ஏதோ தவறாக இருப்பதைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வரை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? திங்கட்கிழமை தேர்வு முடிவு வெளியாக இருக்கிறது. பதிவாளரை எழுப்பலாமா? பதிவாளர் பொறுப்பே காலியாக, யாரோ கூடுதலாகக் கவனித்துக்கொண்டிருந்தால்? தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தரே இல்லாமல் குழுக்களால் நடத்தப்பட்டதைப் பார்த்த நமக்கு இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. ஆறு மணி நேரத்தில் நான்கு மணி நேரம் யாரைக் கேட்பது என்பதிலேயே போய்விடும்.

மாணவருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவருக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் செய்த மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு அது. அதற்கு முன்புவரை விடைத்தாள் தேர்வு வாரியத்தின் ரகசியம். அதற்குப் பிறகு அது மாணவரும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணம். ஒரு பல்கலைக்கழகத்தின் தரவுக் குழுவில் பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர், நூலகர், கணினி மையத் தலைவர் எல்லாரும் உட்காரட்டும். ஒரு மாணவியும் உட்காரவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பட்டியல் வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இதற்குப் பெரும் செலவில்லை. ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போட்டு, ஒவ்வொரு வகைத் தரவுக்கும் நேராக ஒரு பதவியின் பெயரை எழுதவேண்டும். அந்தப் பதவி காலியானால் அடுத்தது யார் என்றும் எழுதவேண்டும். துறைகள் தனித்தனியாக நடத்தும் இணையதளங்களையும் கூகுள் படிவங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணவேண்டும். அந்தக் கணக்கெடுப்பு மட்டும் நடந்திருந்தால் கிரீனிச் தப்பியிருக்கும். கண்காணிப்பாளர்களுக்கு இது அவர்களுடைய வேலை என்று பெயர் சொல்லிக் கொடுத்து, அதற்கான நேரமும் மதிப்பும் தரவேண்டும். இப்போது அவர்கள் அதை நல்ல மனதால் மட்டும் செய்கிறார்கள்.

புதிய சட்டத்தில் எளிய ஒரு கட்டளை இருக்கிறது. தரவு வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும், அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரை எப்படித் தொடர்புகொள்வது என்று எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடவேண்டும். 2027 ஜூனில் சேர்க்கைக்கு வரும் பிள்ளைகளின் காலத்தில் அந்த விவரம் வெளியிடப்பட்டிருக்க வேண்டும்.

என் தங்கை மகளின் எழுத்தைத் திருத்திக் கொடுத்த அந்த அம்மா ஓய்வுபெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் இருந்த மேசைக்கு இப்போது யார் வந்திருக்கிறார், ஒட்டிய நகல்களோடு அந்தச் சேர்க்கைப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று, அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது விசாரிக்க வேண்டும்.